பழைய ஹேட்ச்பேக்கின் ஹேண்ட்லிங்: புஷ்ஷில் தொடங்கி பின் ஆன்டி ரோல் பார் வரை

என்னுடையது பதினைந்து வயதைத் தாண்டிய ஒரு முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொள்ளும் குறுக்குத்தண்டு). சிறிய கார்களில் மிகச் சாதாரணமான அமைப்பு இது. 1974இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இந்த ஜோடியைப் பெரிய அளவில் பரப்பியது. இன்றைக்கும் சிறிய ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை இதே அமைப்பில்தான் வருகின்றன. அதனால் நான் செய்த வேலைகளில் பலவும் உங்கள் காருக்கும் பொருந்தும். பின்னால் மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பல கைகள் பிடிக்கும் அமைப்பு) இருந்தால் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டியின் பிரச்சினைகள் இவை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் தாமதித்துத்தான் மூக்கு திரும்பும். வளைவின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் வந்தாலும் கார் அரை அடி வெளியே தள்ளிப் போகும். லேன் மாறினால் உடல் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி, மறுபடியும் ஒருமுறை ஆடி அடங்கும். கொஞ்சம் வேகமாக வளைவில் நுழைந்தால் முன்டயர்கள் தேய்ந்துகொண்டே நேராகப் போகப் பார்க்கும்.

இந்த நான்கையும் கேட்டவுடன் பலர் சொல்வது ‘தாழ்த்தும் ஸ்பிரிங் போடு’ என்பதுதான். ஆனால் நான்கில் முதல் மூன்றும் வயதால் வந்தவை. கடைசி ஒன்றுதான் காரின் பிறவிக் குணம். கார் இழந்ததைத் திரும்பக் கொண்டுவருவது ஒரு வேலை. அதனிடம் எப்போதுமே இல்லாததைச் சேர்ப்பது வேறொரு வேலை. முதல் வேலையை முடிக்காமல் இரண்டாவதைத் தொட்டால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கிழிந்த புஷ்ஷுக்கு (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைக்கு) மேல் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால், அந்தப் புஷ் இன்னும் வேகமாகத்தான் கிழியும்.

சஸ்பென்ஷனுக்கும் முன்னால் டயர். இதைச் சொன்னால் யாருக்கும் சுவாரஸ்யம் இருக்காது, ஆனால் ரோட்டைத் தொடுவது அது ஒன்றுதான். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்பக் கூடாது. ரப்பர் வருடக்கணக்கில் இறுகிப்போய்விடும், ஈரத்தில் அது நன்றாகவே தெரியும். பத்து வருடம் கடந்த டயரை, பட்டன் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறார்கள் பெரிய டயர் நிறுவனங்கள். நான் அதுவரை காத்திருக்க மாட்டேன்.

டயர் அளவை மாற்றுவதாக இருந்தால் வெளிவிட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 175/65 R14 டயரின் விட்டம் சுமார் 583 மி.மீ. 185/55 R15 சுமார் 584.5 மி.மீ. ஆக, ஸ்பீடோமீட்டரும் கியர் விகிதமும் கிட்டத்தட்ட மாறாமலே பக்கச் சுவர் குட்டையாகிறது, ஸ்டீயரிங் சுறுசுறுப்பாகிறது. ஆனால் கனமான ரிம்மை வாங்கினால் கிடைத்த லாபத்தில் பாதி போய்விடும். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவையும் ஷாக் அப்சார்பர்தான் அடக்கியாக வேண்டும். ரிம்மின் ஆஃப்செட்டும் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவு) ஒரிஜினலுக்கு அருகிலேயே இருக்கட்டும். வெளியே தள்ளி நிற்கும் சக்கரம் பார்க்க அழகுதான். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்குவது அதன் பக்கவிளைவு.

சரி, இப்போது காருக்கு அடியில் போவோம். ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் கிளிக் என்று ஒரு தளர்வு தெரிந்தால், அது பால் ஜாயின்டாகவோ (சக்கரப் பக்கம் இருக்கும் பந்து மூட்டு) வீல் பேரிங்காகவோ இருக்கலாம். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். தளர்வு மறைந்தால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். இடது வலதாக ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டைப் (ஸ்டீயரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டை) பாருங்கள். புஷ்களைக் கையால் ஆட்டிப் பார்த்துப் பயனில்லை. ஒரு நீளமான கடப்பாரைக் கம்பியை நுழைத்து மெதுவாக நெம்பினால்தான் ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே வாய் பிளப்பது தெரியும்.

என் காரில் மிக மோசமாக இருந்தது லோயர் ஆர்மின் (முன்சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் உடலோடு இணைக்கும் கையின்) பின்புஷ். இந்த ஒரு புஷ்ஷைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ரோடு சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைப் பெருமளவு வாங்கிக்கொள்வது இந்தப் புஷ்தான். அது கிழிந்திருந்தால் ஆர்ம் நகரும். ஆர்ம் நகர்ந்தால் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும், அதாவது நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே சக்கரம் திரும்பும். வளைவுக்கு முன் பிரேக் பிடித்து நுழையும்போது கார் எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதில் ஒரு சந்தேகம் வருமே, அதற்கு முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கும். சில கார்களில் இந்தப் புஷ்ஷுக்குள் திரவம் அடைத்திருப்பார்கள். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அது முடிந்துபோனது என்று அர்த்தம்.

புதுப் புஷ் போடுபவர்களில் பலரும் கவனிக்காத ஒன்று, போல்ட்டை எந்த நிலையில் முடுக்குகிறோம் என்பது. சாதாரண ரப்பர் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டிப் பிடித்திருக்கும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக முடுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கிய நிலையில்தான் வாழும். சீக்கிரம் கிழியும், அதுவரை ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து காரின் உயரத்தையே கொஞ்சம் மாற்றும். அதனால் வேலையைத் தொடங்கும் முன், கார் தரையில் நிற்கும்போது சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்குமான உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டுவிட்டு, ஆர்மின் முனைக்கு அடியில் ஜாக் வைத்து அதே அளவு வரும்வரை ஏற்றி, அந்த நிலையில் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். பின் பீமின் புஷ்ஷுக்கும் இதே விதிதான். வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் இதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. ‘அதெல்லாம் அப்படியே முடுக்கலாம்’ என்றால் வேறு இடம் பாருங்கள்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்பது அடுத்த கேள்வி. எல்லா இடத்திலும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரப்பர் போல அது முறுக்கிக்கொள்ளாது. குழாயைச் சுற்றி வழுக்கித்தான் சுழலும். ஒரே அச்சில் சுழலும் இடத்தில் அது அருமையாக வேலை செய்யும். இரண்டு மூன்று திசைகளில் வளைய வேண்டிய இடத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆன்டி ரோல் பாரை (இடது வலது சக்கரங்களை இணைத்து, கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை) உடலோடு பிடிக்கும் புஷ்களில் மட்டும் போட்டேன். அங்கே செலவு குறைவு, பலன் உடனே தெரியும், அதிர்வும் பெரிதாகக் கூடாது. சிலிக்கான் கிரீஸ் தாராளமாகத் தடவாவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கீச் கீச் என்று கத்தும், அவ்வளவுதான். பின் பீம் உடலோடு சேரும் பிவட் புஷ்களில் ரப்பரையே வைத்துக்கொண்டேன். பல பீம்களில் அந்தப் புஷ்கள் சாய்வாக அமைந்திருக்கும். பக்கவாட்டு விசை வரும்போது பீம் முழுவதும் திரும்பி, பின்சக்கரங்களே காரைத் தவறான பக்கம் ஓட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு கடினமானதைப் போட்டால் அந்த ஏற்பாடு கெடும்.

அப்புறம் ஷாக் அப்சார்பர். காரைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. அது ஒரே நாளில் சாவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஓட்டுபவரும் அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடுவார். அதனால் ‘என் கார் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பழைய கார்க்காரர் சொல்வதை, நான் சொன்னது உட்பட, நம்ப வேண்டியதில்லை. பானட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை முழுவதும் செத்துப்போனதை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பாதி தளர்ந்தது அதில் தேறிவிடும். டயரின் ஓரத்தில் கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுவதும், வேகத்தடை தாண்டியதும் ஒரு கூடுதல் ஆட்டம் வருவதும் இதைவிட நம்பகமான அடையாளங்கள். ஷாக் அப்சார்பரின் ராடுக்குக் கீழே எண்ணெய் ஒழுகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஸ்ட்ரட்டை வெளியே எடுத்துவிட்டால் மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் உச்சியை உடலோடு பிடிக்கும் பாகம்), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுதாக அழுந்தும்போது முட்டும் தடுப்பு), தூசி உறை எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மவுண்ட் பேரிங் இறுகியிருந்தால் ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் சோம்பலாக நிற்பதற்கு அலைன்மென்டைக் குறை சொல்வதற்கு முன் இந்தப் பேரிங்கைப் பாருங்கள். என் காரில் ஸ்டீயரிங் உயிர்பெற்றது புது ஷாக் அப்சார்பரால் அல்ல, இந்தச் சின்னப் பேரிங்கால்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் ஒன்று உண்டு. ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் முழுதாக அழுத்திப் பிடிக்காமல் ஸ்ட்ரட்டின் உச்சி நட்டைக் கழற்றவே கூடாது. கம்ப்ரஸர்கள் இரண்டும் நேர் எதிரெதிரே நிற்க வேண்டும். மாற்றி மாற்றி, கையால், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இம்பாக்ட் ரெஞ்ச் வேண்டாம். முகத்தை ஸ்பிரிங்கின் நேர்க்கோட்டில் வைக்காதீர்கள். கருவி தேய்ந்திருந்தாலோ, உங்களுக்கே கை நடுங்கினாலோ, கழற்றிய ஸ்ட்ரட்டை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போய் ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டும் வேலையை மட்டும் அங்கே செய்து வாங்கிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். பளபளக்கும் ராடை பிளையரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் ஒழுக. ட்வின் ட்யூப் (குழாய்க்குள் குழாய்) வகை ஷாக் அப்சார்பராக இருந்தால் மாட்டுவதற்கு முன் நிமிர்த்தி வைத்து ராடைச் சில முறை முழுதாக இழுத்து அழுத்திவிடுங்கள். படுத்துக் கிடந்தபோது உள்ளே புகுந்த காற்று வெளியேறும்.

இவ்வளவும் முடித்து, வீல் அலைன்மென்டும் செய்து ஓட்டியபோது முன்பு சொன்ன நான்கு பிரச்சினைகளில் மூன்று காணாமல் போயிருந்தன. இத்தனைக்கும் ‘அப்கிரேட்’ என்று சொல்லும்படியான பாகம் ஆன்டி ரோல் பார் புஷ்களைத் தவிர ஒன்றுகூட இல்லை. உங்களில் பலருக்கு இங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் சரி என்பேன். வீட்டில் எல்லோரும் ஏறும் கார் என்றால் கண்டிப்பாக.

நான்காவது பிரச்சினை, முன்பக்கம் வெளியே தள்ளும் அண்டர்ஸ்டியர், அப்படியே இருந்தது. அதைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. வளைவில் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எவ்வளவு எடை மாறுகிறது என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு வேகமாக வளைகிறோம், எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே எவ்வளவு அகலம். ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்பது கிட்டத்தட்ட இதில் வருவதே இல்லை. 1,000 கிலோ கார், எடை மையம் 55 செ.மீ. உயரத்தில், சக்கர இடைவெளி 145 செ.மீ., புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவாட்டு முடுக்கம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 190 கிலோ உள்ளிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. காரைத் தாழ்த்தி எடை மையத்தை 3 செ.மீ. இறக்கினால் அது சுமார் 179 கிலோவாகும். முதுகெலும்பு நோகத் தாழ்த்திய பிறகும் கிடைப்பது பத்துக் கிலோ சொச்சம்தான்.

அப்படியானால் கடினமான ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும் எதற்கு? உடல் சாய்வதைக் குறைக்கும்; அதனால் கார் திசை மாற்றத்துக்குச் சீக்கிரம் பதில் சொல்லும், சக்கரங்களின் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) ரோட்டோடு நன்றாக ஒத்துவரும். அதைவிட முக்கியமாக, மாறும் அந்த 190 கிலோவை முன் அச்சு எவ்வளவு சுமப்பது, பின் அச்சு எவ்வளவு சுமப்பது என்பதைப் பங்கு பிரிக்கும். டயருக்கு ஒரு குணம் உண்டு. எடை இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதற்குக் கீழேயே நின்றுவிடும். ஆக, ஒரு அச்சில் ஒரு சக்கரம் மட்டும் எல்லாவற்றையும் சுமந்தால், அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறையும். முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் உட்கார்ந்திருப்பதால் எடையில் அறுபது சதவீதத்துக்கு அருகில் முன்னால்தான் இருக்கும். பாவம், வெளிப்பக்க முன்டயர் ஒன்றே திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும். அதன் சுமையைக் குறைக்க வழி, பின் அச்சை இன்னும் கொஞ்சம் சுமக்கச் சொல்வது.

இதனால்தான் முன்பக்கத்துக்குத் தடிமனான பார் போடும் யோசனையை ஒதுக்கிவிட்டுப் பின்பக்கத்துக்குப் போனேன். டார்ஷன் பீம் தானே ஒரு அளவுக்கு ஆன்டி ரோல் பார் வேலையைச் செய்கிறது. இரண்டு பின்சக்கரங்களும் வேறு வேறு திசையில் நகரும்போது அந்தக் குறுக்குத்தண்டு முறுக்கிக்கொள்ளும். அதற்கு இணையாக இன்னொரு பாரைப் பீமின் இரு பக்கக் கைகளுக்கும் நடுவே போல்ட் செய்யும் கிட்கள் பல மாடல்களுக்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது விட்டத்தைக் கவனியுங்கள். திடமான பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 20 மி.மீ. பாருக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் பத்து சதவீதம் அல்ல, 46 சதவீதம் விறைப்பு கூடுகிறது. 24 மி.மீ. என்றால் இரு மடங்குக்கும் மேல். அதனால் கிடைத்ததிலேயே தடிமனை எடுக்கவில்லை, சிறியதை எடுத்தேன்.

பலன் முதல் வளைவிலேயே தெரிந்தது. அதே வேகத்தில் ஸ்டீயரிங் கோணம் குறைவாகப் போதுமாக இருந்தது. நேர் ரோட்டில் சவாரித் தரம் கிட்டத்தட்ட மாறவில்லை, ஏனென்றால் இரு பின்சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது பார் வேலையே செய்யாது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிப்போடும். அது தெரிந்தே வாங்கிய குறை.

ஆனால் இதில் ஒரு விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் போகும், பின்பக்கம் லேசாகி வெளியே சுற்ற ஆரம்பிக்கும். பெஜோ 205 ஜிடிஐ இந்தக் குணத்துக்கே பேர்போன கார். அதை விரும்பியவர்களும் உண்டு, அதனால் ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கியவர்களும் உண்டு. பின்பாரை விறைப்பாக்கும்போது உங்கள் காரையும் அந்தத் திசையில் ஒரு அடி நகர்த்துகிறீர்கள். ஈரமான ரோட்டில் இது இரண்டு மடங்கு கவனம் கேட்கும். பின் அச்சில் தேய்ந்த டயரைத் தள்ளிவிடும் பழக்கம் இருந்தால் இந்தப் பாரைப் போடவே போடாதீர்கள். நல்ல டயர் ஜோடி எப்போதும் பின்னால். காரை வேறு யாராவது ஓட்டுவதாக இருந்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரிங்கை மாற்றியது கடைசியாகத்தான். சுமார் 25 மி.மீ. மட்டும் தாழ்த்தும், ஒரிஜினலைவிட ஓரளவு கடினமான செட், அதற்கென்று பொருந்தும் ஷாக் அப்சார்பரோடு. புது ஷாக் அப்சார்பர் வாங்கும்போதே இந்த யோசனை இருந்ததால், தாழ்த்திய உயரத்துக்கும் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்கியிருந்தேன். நீங்களும் ஸ்பிரிங் மாற்றும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அப்படியே செய்யுங்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ரட்டுக்கு இரண்டு முறை செலவு. இதற்குமேல் தாழ்த்தாததற்குக் காரணம் மெக்ஃபர்சன் அமைப்பின் வடிவியல். கார் தாழத் தாழ லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி, சக்கரப் பக்கம் உயர்ந்து சாயத் தொடங்கும். அப்போது முன்பக்கத்தின் ரோல் சென்டர் (உடல் சாயும்போது எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி), எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீளும். சாய்வைக் குறைக்கத் தாழ்த்திய கார் அதிகம் சாயப் பார்க்கும். கூடவே சாயும்போது கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வது) குறையும். டை ராட்டின் கோணமும் கெட்டால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பும் பம்ப் ஸ்டியர் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு காரணம் பம்ப் ஸ்டாப். ஸ்பிரிங் குட்டையாகிவிட்டால் ஷாக் அப்சார்பருக்கு நகர இடம் குறைகிறது. வளைவின் நடுவில் முன் ஸ்ட்ரட் பம்ப் ஸ்டாப்பில் மோதினால் காரின் அந்த மூலையின் விறைப்பு திடீரென்று பல மடங்காகி முன்டயர் பிடிப்பை விட்டுவிடும். பின்னால் மோதினால் பின்பக்கம் தூக்கி எறியும். எங்கே மோதுகிறது என்று பார்க்க, ஷாக் அப்சார்பர் ராடில் ஒரு சின்ன ஜிப் டையைத் தளர்வாகக் கட்டிவிட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். அது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது உண்மையைச் சொல்லிவிடும்.

ஸ்பிரிங்கை வெட்டும் ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. ஆறு செயல்படும் சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம்தான் கூடும். ஆனால் அந்த விறைப்பு ஈடுகட்ட முடியாத அளவுக்கு உயரம் இறங்கிவிடும். ஆகவே குறைந்த இடத்துக்குள், போதாத விறைப்போடு, பம்ப் ஸ்டாப்பில் முட்டிக்கொண்டே ஓடும் கார் கிடைக்கும். போதாக்குறைக்கு வெட்டிய முனை ஸ்பிரிங் தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் நழுவவும் வாய்ப்பு உண்டு. வேண்டாம்.

விறைப்பை எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு ஊசல் வேகத்தைப் பார்க்கும் வழக்கம் எனக்கு உதவியது. ஒரு மூலையில் ஸ்பிரிங் சுமக்கும் எடை 270 கிலோ, சக்கரத்தில் விறைப்பு மி.மீ.க்கு 20 நியூட்டன் என்றால், அந்த மூலை விநாடிக்குச் சுமார் 1.37 முறை ஊசலாடும். விறைப்பை 30 சதவீதம் கூட்டினால் 1.56. வீட்டுக் கார்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 வரை, அதைத் தாண்டிப் போகப் போக முதுகு பேச ஆரம்பிக்கும். முன்னைவிடப் பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஊசலாடுவது நல்லது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் தாமதமாக. பின்பக்கம் வேகமாக இருந்தால் முன்பக்கத்தைப் பிடித்துவிட்டு இரண்டும் ஒன்றாக அடங்கும். இல்லாவிட்டால் கார் தலையாட்டிக்கொண்டே போகும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மோரிஸ் ஆலி என்ற பொறியாளர் சோதித்துச் சொன்ன விஷயம் இது. முன்பக்கம் மட்டும் கடினமான ஸ்பிரிங் போடுவதை நான் தவிர்த்ததற்கு இதுவும் காரணம்.

ஸ்ட்ரட் பிரேஸ் (இரண்டு ஸ்ட்ரட் உச்சிகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பி) போடவில்லை. இரண்டு ஸ்ட்ரட் உச்சிகளும் எஞ்சின் அறையின் பின்சுவரை ஒட்டி இருக்கும் சின்ன ஹேட்ச்பேக்கில் அது பெரும்பாலும் அலங்காரம். உயரத்தைத் திருகி மாற்றும் காயில் ஓவரும் வேண்டாம் என்றே விட்டேன். விலை மலிவானவை சாதாரண நல்ல ஷாக் அப்சார்பரைவிட மோசமாக இருக்கும். நல்லவையோ, ரேஸ் டிராக் போகாதவருக்குத் தேவையில்லாத செலவு.

அலைன்மென்டுக்கு வருவோம். புது ஸ்பிரிங் உட்கார்ந்து சமநிலைக்கு வரக் கொஞ்சம் ஓட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் கழித்துத்தான் இறுதி அலைன்மென்ட். அதற்கு முன் ஓட்டுவதற்கு ஒரு தோராயமான டோ போதும். என் காரில் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) ஸ்ட்ரட்டும் இரண்டு போல்ட்டால் சேர்கின்றன. அவற்றில் ஒன்றை மையம் விலகிய கேம்பர் போல்ட்டாக மாற்றியதால் முன் கேம்பரை இரு பக்கமும் சுமார் நெகட்டிவ் 1.3 டிகிரிக்குக் கொண்டுவர முடிந்தது. கேம்பரைத் தொட்டால் டோ மாறும், எனவே டோ எப்போதும் கடைசி. முன்டோ பூஜ்யம். பின் பீமில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. வளைந்திருந்தால் ஸ்டப் ஆக்ஸிலுக்கு (சக்கரம் சுழலும் குட்டை அச்சுக்கு) பின்னால் ஷிம் எனும் மெல்லிய தகட்டை வைப்பது ஒன்றுதான் வழி. டயரின் உள்ளோரம் தேய்ந்துபோனால் எல்லோரும் கேம்பரைத் திட்டுகிறார்கள். நெகட்டிவ் ஒன்றரை டிகிரி கேம்பர் அவ்வளவு சீக்கிரம் டயரைத் தின்னாது; தின்பது பெரும்பாலும் தவறான டோ. மெஷினில் எல்லாம் பச்சை நிறத்தில் வந்தால் போதும் என்று விட்டுவிடாமல் இடது வலது எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரே பாதையில், டயர் சூடாவதற்கு முன் அளந்த அதே காற்றழுத்தத்தில் ஓட்டிப் பார்த்து, வளைவுக்குள் நுழையும்போது, நடுவில், வெளியேறும்போது என்று பிரித்துக் குறித்துவைத்தேன். ‘நன்றாக இருக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிறகு படிக்கும்போது எதற்கும் உதவாது. பழையதைச் சீராக்கிய பிறகு, ஒரே நேரத்தில் இரண்டு பாகத்தை மாற்றவில்லை. காற்றழுத்தத்தைச் சற்று முன்பின் மாற்றிப் பார்ப்பது இலவசச் சோதனை. பின்டயரில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டினால் சமநிலை எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். பார் வாங்குவதற்கு முன்பே அப்படிச் செய்து பார்த்ததால் என்ன கிடைக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது.

உயரத்தை மாற்றியதும் ஹெட்லைட் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு அளவில் இறங்கியிருந்தால் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் ஸ்டீயரிங்கை இரு கோடி வரை திருப்பும்போது எங்கும் உரசாமல் இருக்கிறதா பாருங்கள். கார்த் தயாரிப்பாளர் ஒருமுறை மட்டும் பயன்படுத்தச் சொல்லும் போல்ட்களைப் புதிதாகவே போடுங்கள், சில நூறு கிலோமீட்டருக்குப் பின் எல்லா போல்ட்களின் இறுக்கத்தையும் மறுபடி சரிபாருங்கள். உங்கள் வட்டாரத்தின் வாகன விதிகளும் காப்பீட்டு நிபந்தனைகளும் உயர மாற்றத்தை அனுமதிக்கின்றனவா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதும் மிச்சமிருக்கும் குறை ஒன்று: ஐந்து பேரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் பம்ப் ஸ்டாப்புக்கு மிக அருகில் போய்விடுகிறது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் முழுச்சுமைக் காற்றழுத்தத்துக்குப் பின்டயர்களை ஏற்றிவிட்டு, அந்த நாட்களில் வளைவுகளை மெதுவாகவே எடுக்கிறேன். பின்னால் 10 மி.மீ. மட்டும் உயரம் கூடிய ஸ்பிரிங் கிடைத்தால் மாற்றுவேன்; அதுவரை இதுதான் ஏற்பாடு.